வேலி ஓரிடம், கல் ஓரிடம், பத்திரம் வேறிடம்: ஒன்றரை அடி எல்லைத் தகராறைப் புரிந்துகொள்வது எப்படி?

பழைய முள்வேலியைப் பிரித்துவிட்டு காம்பவுண்ட் சுவர் எழுப்ப வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டும் நாளில்தான் பெரும்பாலான எல்லைத் தகராறுகள் தொடங்குகின்றன. அதுவரை முப்பது வருடம் இரண்டு வீட்டாருக்கும் அந்த வேலியே எல்லையாக இருந்திருக்கும். அதில் துணி காய்ந்திருக்கும், அதன் வழியே குழம்புக் கிண்ணம் கைமாறியிருக்கும்.

இப்போது மேற்கு வீட்டுக்காரர் டேப் பிடிக்கிறார். பத்திரத்தில் கிழமேல் 40 அடி, தென்வடல் 60 அடி. தரையில் கிழமேல் 38½ அடிதான் வருகிறது. "ஒன்றரை அடி உங்க பக்கம் இருக்கு" என்கிறார். கிழக்கு வீட்டுக்காரர் பட்டாவைக் காட்டி, தன் விஸ்தீரணம் சரியாக இருப்பதாகச் சொல்கிறார். சர்வேயரை அழைத்து வந்தால் அவர் வேலிக்கும் டேப் காட்டிய இடத்துக்கும் நடுவில் எங்கோ ஒரு குச்சியை அடித்துவிட்டுப் போகிறார். மூன்று பேரும் கையில் அரசு முத்திரை உள்ள காகிதத்தை வைத்துக்கொண்டே மூன்று இடங்களைக் காட்டுகிறார்கள்.

இதில் யாரோ ஒருவர் பொய் சொல்கிறார் என்று நினைக்கத் தோன்றும். பல நேரம் யாருமே பொய் சொல்வதில்லை. பத்திரம், பட்டா, புலப்படம் (அரசின் நில அளவைப் படம்), வேலி ஆகிய நான்கும் நான்கு வெவ்வேறு கேள்விகளுக்கான பதில்கள். ஒரு கேள்விக்கு இன்னொன்றின் பதிலைக் காட்டுவதால்தான் சண்டை முடிவதில்லை. தமிழ்நாட்டு நடைமுறையை வைத்து இதைப் பிரித்துப் பார்க்கலாம்.

நிலத்தின் மேல் வரைந்த கோடு

சோழர் காலச் செப்பேடுகளில் ஒரு ஊரைத் தானமாகக் கொடுக்கும்போது எல்லை குறித்த விதம் விரிவாக இருக்கிறது. பெண் யானையை எல்லை நெடுக நடத்தி, அது சுற்றி வந்த தடத்தில் "கல்லும் கள்ளியும் நாட்டி" எல்லை வகுத்தார்கள். கீழ்பாற்கெல்லை, தென்பாற்கெல்லை என்று ஒவ்வொரு திசைக்கும் வாய்க்கால், வரப்பு, மரம் எல்லாவற்றையும் எழுதினார்கள். இன்றைய கிரயப் பத்திரத்தின் கடைசிப் பக்கத்தில் வரும் செக்குபந்தி, அதாவது நான்கு பக்கமும் யார் நிலம், என்ன இருக்கிறது என்று சொல்லும் பகுதி, அதே வழக்கத்தின் தொடர்ச்சி.

பிரிட்டிஷ் ஆட்சியில் இதன் மேல் இன்னொரு முறை வந்து உட்கார்ந்தது. 1794-ல் சென்னையில் நில அளவைப் பள்ளி தொடங்கியது. இன்றைய கிண்டி பொறியியல் கல்லூரியின் வேர் அதுதான். 1802 ஏப்ரலில் பரங்கிமலை அருகே பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி வில்லியம் லாம்டன் அடிக்கோடு அளக்கத் தொடங்கினார். அது பெரிய முக்கோண அளவை. வயல் வயலாக அளந்து, எண் கொடுத்து, கல் நட்டு, வரி விதித்த வேலை பின்னால் வந்தது. அந்த எண்தான் நாம் சொல்லும் சர்வே நம்பர், புல எண். அந்த அளவைக்கு இன்றும் அடிப்படையாக இருப்பது தமிழ்நாடு நில அளவை மற்றும் எல்லைகள் சட்டம், 1923.

ஆக, நம் நிலங்களுக்கு இரண்டு வகை எல்லை இருக்கிறது. ஒன்று பத்திரத்தில் சொல்லால் எழுதிய எல்லை, இன்னொன்று அரசு அளவையில் கோட்டால் வரைந்த எல்லை. இரண்டும் ஒரே இடத்தில் விழ வேண்டும் என்பதுதான் நோக்கம். விழாதபோது?

எந்தக் காகிதம் எதைச் சொல்லும்

1. கிரயப் பத்திரம், பாகப்பிரிவினை, செட்டில்மெண்ட் போன்றவை உரிமை யாருக்கு எப்படி வந்தது என்பதைச் சொல்கின்றன. நிலத்துக்கு உடைமையாளர் யார் என்ற கேள்வியில் முதல் சாட்சி இதுதான். ஆனால் பத்திரம் பதியும்போது சார்பதிவாளர் டேப் எடுத்துக்கொண்டு நிலத்துக்கு வந்து அகலத்தைச் சரிபார்ப்பதில்லை. பத்திரத்தில் இருக்கும் அளவு, விற்றவர் சொன்ன அளவு. அவருக்கு அவருடைய தாய்ப்பத்திரம் சொன்ன அளவு.

2. பட்டா வருவாய்த் துறையின் பதிவு. இந்த நிலத்துக்கு யார் பெயரில் கணக்கு நடக்கிறது, விஸ்தீரணம் எவ்வளவு என்பதை அது சொல்லும். வருவாய்ப் பதிவு உரிமையை உண்டாக்குவதும் இல்லை, அழிப்பதும் இல்லை என்று உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் சொல்லிவிட்டது. ஊரில் மட்டும் பட்டாதான் எல்லாவற்றுக்கும் மேல் என்ற நம்பிக்கை அசையாமல் நிற்கிறது. இன்னொன்றும் உண்டு: பட்டாவில் மொத்தப் பரப்பு இருக்குமே தவிர, எல்லைக்கோடு எங்கே ஓடுகிறது என்பது இருக்காது. வேலிச் சண்டையில் பட்டாவை மட்டும் தூக்கிக் காட்டுவது அதிகம் உதவாது.

3. புலப்படம், அதாவது எஃப்.எம்.பி. எல்லைக்கோடு எங்கே என்ற கேள்விக்கு அரசுப் பதிவில் பதில் சொல்வது இது ஒன்றுதான். புலத்தின் குறுக்கே ஓடும் அடிப்படைக் கோடு ஜி லைன். அதிலிருந்து ஒவ்வொரு மூலைக்கும் செங்குத்தாக அளந்த தூரம் ஆஃப்செட். அந்த மூலைகளை இணைக்கும் வெளிக்கோடு எஃப் லைன், அதாவது உங்கள் எல்லை. சர்வேயர் "எஃப் லைன் போட வந்தேன்" என்றால் இந்தக் கோட்டைத் தரையில் காட்ட வந்திருக்கிறார் என்று பொருள்.

4. வேலி, வரப்பு, சுவர் எல்லாம் அனுபவத்தின் சாட்சிகள். யார் எதுவரை உழுதார், எதுவரை மரம் வைத்தார் என்பதை அவை காட்டும். உரிமை எதுவரை என்பதைத் தாமாகச் சொல்லாது. ஆடு மேயாமலிருக்க இரண்டடி உள்ளே தள்ளிப் போட்ட வேலியும் உண்டு, இரண்டடி வெளியே தள்ளிப் போட்டதும் உண்டு.

நத்தம் எனப்படும் குடியிருப்புப் பகுதிகளுக்கும் நகர அளவை நடந்த பகுதிகளுக்கும் பதிவேடுகள் தனி. அங்கே பழைய கிராமப் புலப்படத்தை வைத்துப் பேசினால் கதை வேறெங்கோ போய்விடும்.

ஒரு அடி எப்படிக் காணாமல் போகிறது

திருட்டு இல்லாமலேயே நிலம் "குறைவது" எப்படி என்பது தெரிந்தால் பாதிச் சண்டைகளில் சூடு தணியும்.

முதலில் கருவி. பழைய அளவை நடந்தது 66 அடிச் சங்கிலியில். அதில் 100 லிங்க். ஒரு லிங்க் 7.92 அங்குலம். அதற்குக் கீழே அளப்பது அந்தச் சங்கிலியின் வேலையே இல்லை. நெல் வயலுக்கு வரி போட இந்தத் துல்லியம் தாராளம். சதுர அடி ஐயாயிரம் ரூபாய் விற்கும் மனைக்கு எட்டு அங்குலம் என்பது பெரிய தொகை. வயலுக்காகச் செய்த அளவையை நாம் இப்போது மனைக்குப் பயன்படுத்துகிறோம். இந்தத் தகராறுகளின் ஆணிவேர் இதுதான் என்று தோன்றுகிறது.

அடுத்து வரைபடம். புலப்படம் பெரும்பாலும் 1:1000 அல்லது 1:2000 அளவில் இருக்கும். 1:2000 படத்தில் அரை மில்லிமீட்டர் தடிமனில் ஒரு கோடு இழுத்தால், தரையில் அது ஒரு மீட்டர், அதாவது மூன்றேகால் அடி அகலம். ஒன்றரை அடிக்குச் சண்டை போடுகிறவர்கள் காட்டும் படத்தில் கோட்டின் தடிமனே மூன்றடி! அதனால்தான் நகல் எடுத்த படத்தின் மேல் ஸ்கேல் வைத்து அளப்பதற்கு அர்த்தமில்லை. படத்தில் எழுதியிருக்கும் எண்களைத்தான் பார்க்க வேண்டும்.

மூன்றாவது அலகு மாற்றம். 1979 முதல் 1987 வரை நடந்த யு.டி.ஆர். எனும் நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் ஏக்கர், சென்ட் கணக்குகள் ஹெக்டேர், ஏர் கணக்குகளாக மாறின. கிராமங்களின் பழைய உட்பிரிவுகளில் பரப்பு .00 அல்லது .50 ஏர் என்று முடிவதை அடிக்கடி பார்க்கலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 40-க்கு 60 மனை 2,400 சதுர அடி, நம் ஊர் பேச்சில் ஒரு கிரவுண்ட், அதாவது சுமார் 223 சதுர மீட்டர் அல்லது 2.23 ஏர். இதை 2.00 ஏர் என்று எழுதினால் 2,153 சதுர அடிதான், 247 குறைவு. 2.50 ஏர் என்று எழுதினால் 2,691, 291 அதிகம். நிலம் ஓர் அங்குலம்கூட நகரவில்லை. நம் கதையில் சண்டைக்குள்ளான துண்டோ ஒன்றரை அடிக்கு அறுபது அடி, வெறும் 90 சதுர அடி. முழுமையாக்கும் பிழைக்குள் அது இரண்டு முறை அடங்கிவிடும்.

நான்காவது, மனைப் பிரிவு. ஒரு புலத்தின் அகலம் பத்திரக் கணக்குப்படி 240 அடி என்று நம்பி ஆறு மனை, தலைக்கு 40 அடி என்று போட்டு விற்கிறார்கள். உண்மையில் தரையில் இருப்பது 236 அடி. முதல் ஐந்து பேர் 40 அடி முழுதாக அளந்து வேலி போட்டுவிடுவார்கள். ஆறாவது ஆளுக்கு 36 அடிதான் மிஞ்சும். அவர் ஐந்தாம் மனைக்காரரோடு சண்டைக்குப் போவார். ஐந்தாமவர் எதையும் எடுக்கவில்லை, அவரும் தன் பத்திரப்படிதான் இருக்கிறார். ஒருவர் ஒரே நிலத்தைப் பல பேருக்கு அடுத்தடுத்து எழுதிக் கொடுத்தால் முன்பு எழுதியதற்கே முன்னுரிமை என்பது 1882-ம் ஆண்டின் சொத்துரிமை மாற்றச் சட்டம் 48-வது பிரிவின் விதி. ஆகவே கடைசியாக வாங்கியவருக்கு நான்கு அடி குறைந்தது பக்கத்து வீட்டால் இல்லை, இல்லாத நிலத்தை விற்றவரால். கேள்வி அவரிடம்தான் போக வேண்டும். பத்து வருடம் கழித்து அவரை எங்கே தேடுவது என்பது வேறு கதை.

ஐந்தாவதாகக் கல். சாலை உயர்ந்து எல்லைக்கல் தாருக்கு அடியில் போயிருக்கும். ஜே.சி.பி. ஓட்டியவர் தெரியாமல் பெயர்த்து ஓரமாக வைத்திருப்பார், யாரோ நல்லெண்ணத்தில் அதைத் தோராயமாகத் திரும்ப நட்டிருப்பார். 1923 சட்டத்தின்படி அளவைக் கற்களைப் பராமரிக்கும் கடமை பதிவுபெற்ற நில உடைமையாளருக்கே இருக்கிறது. இது பலருக்கும் தெரியாது.

அளவும் எல்லையும் முரண்பட்டால்

பத்திரத்தில் "40 அடி" என்றும் இருக்கிறது, "கிழக்கே இன்னாருடைய சுவர்" என்றும் இருக்கிறது. இரண்டும் ஒத்துவரவில்லை என்றால் எதை எடுப்பது? நீதிமன்றங்கள் பொதுவாகக் கடைப்பிடிக்கும் விதி, தெளிவாக விவரித்த எல்லை இருந்தால் அது பரப்பளவை வெல்லும் என்பது. காரணம் எளிது: வாங்குபவர் கண்ணால் பார்த்து ஒத்துக்கொண்டது அந்தச் சுவரை. எண்ணில் தவறு வருவது சகஜம், சுவரை மாற்றிப் பார்ப்பது கடினம். எல்லை விவரமே குழப்பமாக இருக்கும்போது இந்த விதி கை கொடுக்காது. "வடக்கே வேலி" என்று மட்டும் எழுதிய பத்திரங்கள் உண்டு. எந்த வருடத்து வேலி?

சர்வேயர் வந்தால்

எல்லையைக் காட்டச் சொல்லி விண்ணப்பம் கொடுத்து கட்டணம் கட்டினால் அரசு நில அளவர் வருவார். இணையம் வழியாகவும் விண்ணப்பிக்கலாம். வருவதற்கு முன் பக்கத்து நிலக்காரர்களுக்கு அறிவிப்பு போக வேண்டும். அறிவிப்பு இல்லாமல் ஒருதலையாக அளந்த அளவு பின்னால் நீதிமன்றத்தில் பலவீனமாகிவிடும். அதனால் எதிர்ப்பக்கத்தை அளவுக்கு வரவழைப்பது விண்ணப்பித்தவருக்கே நல்லது.

நல்ல சர்வேயர் உங்கள் வேலியிலிருந்து தொடங்க மாட்டார். சந்தேகமில்லாத இரண்டு மூன்று கற்களைத் தேடுவார். மூன்று கிராம எல்லை சேரும் முச்சந்திக் கல் கிடைத்தால் வேலை சுலபம். அங்கிருந்து புலப்பட எண்களைக் கொண்டு உங்கள் மூலைக்கு வருவார். எந்தக் கல்லிலிருந்து தொடங்கினார் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு சர்வேயர்கள் இரண்டு இடத்தைக் காட்டினால் பெரும்பாலும் இருவரும் இரண்டு வெவ்வேறு கல்லை நம்பியிருப்பார்கள்.

இப்படிக் காட்டுவது ஏற்கெனவே பதிவான கோட்டைத்தான். அரசு முறையாக அளவை நடத்தி அறிவிக்கை வெளியிட்டால் கதை வேறு. அந்தப் பதிவை, நீதிமன்றம் மாற்றாத வரை, எல்லைக்கு முடிவான சான்றாக 1923 சட்டம் கொள்கிறது. அதை எதிர்த்து உரிமையியல் வழக்குப் போட மூன்று ஆண்டு அவகாசம் தருகிறது.

பன்னிரண்டு வருடம்: அரைகுறையாகப் பரவிய சட்டம்

"பன்னிரண்டு வருஷம் அனுபவிச்சா நமக்கே சொந்தம்" என்பது டீக்கடை வரை போன சட்டம். பாதி உண்மை. 1963-ம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, தனியார் நிலத்தை இன்னொருவர் எதிரிடையாக அனுபவித்தால், அந்த எதிரிடை தொடங்கியதிலிருந்து 12 ஆண்டுக்குள் உடைமையாளர் வழக்குப் போட வேண்டும். தவறினால் அவருடைய உரிமையே அழிந்துபோகும் என்கிறது 27-வது பிரிவு. அரசு நிலத்துக்கு 30 ஆண்டு.

முடிச்சு "எதிரிடை" என்ற சொல்லில் இருக்கிறது.

1. அனுபவம் வெளிப்படையாக, இடைவிடாமல், உடைமையாளரின் உரிமையை மறுக்கும் விதமாக இருக்க வேண்டும். "சும்மா கிடக்குதே, கொஞ்சம் கீரை போட்டுக்கறேன்" என்று கேட்டுப் போட்டது ஐம்பது வருடம் ஆனாலும் அனுமதிதான்.

2. எதிரிடை அனுபவம் என்று வாதிடுபவர், நிலம் முதலில் இன்னாருடையது என்று ஒத்துக்கொண்டாக வேண்டும். "இது எப்போதுமே என் நிலம்தான், இல்லையென்றாலும் எதிரிடை அனுபவத்தால் என் நிலம்" என்ற இரட்டை வாதம் ஒன்றையொன்று வெட்டும் என்று கர்நாடக வக்ஃப் வாரிய வழக்கில் 2004-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. வேலித் தகராறுகளில் இந்த வாதம் சரிவது பெரும்பாலும் இங்கேதான். ஏனென்றால் வேலிக்கு அந்தப் பக்கம் அனுபவித்தவர் அதைத் தன் நிலம் என்றே நம்பியிருப்பார். அடுத்தவர் நிலம் என்று தெரிந்து, அவரை மறுத்து வைத்துக்கொண்டேன் என்று காட்டுவது அவருக்குக் கஷ்டம்.

3. 12 ஆண்டைத் தாண்டியவர் தற்காப்புக்கு மட்டும்தான் இதைச் சொல்லலாமா, தானே வழக்குப் போடவும் முடியுமா என்ற குழப்பம் நெடுநாள் இருந்தது. 2019 ஆகஸ்டில் ரவீந்தர் கவுர் கிரேவால் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு, வாதியாகவும் போடலாம் என்று தீர்த்தது. இந்தச் சட்டத்தையே மாற்ற வேண்டுமா என்று ஆராய்ந்த இந்தியச் சட்ட ஆணையம் 2023-ல் தன் 280-வது அறிக்கையில் மாற்றம் தேவையில்லை என்றது.

நடைமுறைப் பலன் இதுதான்: வேலி உங்கள் நிலத்துக்குள் இருப்பது தெரிந்தும் உறவு கெட வேண்டாம் என்று விட்டுவிடுவதாக இருந்தால், அனுமதி கொடுத்ததாக இரண்டு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மனக்கசப்பு வராமல் கேட்பது எப்படி என்று சட்டம் சொல்லித் தருவதில்லைதான்.

ராத்திரியோடு ராத்திரியாக வேலியைப் பிடுங்கினால்

சர்வேயர் உங்கள் பக்கம் குச்சி அடித்துவிட்டார். அடுத்த நாளே ஆளைக் கூட்டி வேலியை நகர்த்தலாமா? கூடாது. ராமே கவுடா எதிர் வரதப்ப நாயுடு வழக்கும் அடுத்தடுத்த நிலக்காரர்களின் தகராறுதான். வாதியால் உரிமையை நிரூபிக்க முடியவில்லை, அனுபவத்தை நிரூபித்தார். நிலைபெற்ற அனுபவத்தில் இருப்பவரைச் சட்ட வழியில்தான் வெளியேற்ற முடியும் என்று 2003-ல் உச்ச நீதிமன்றம் அவருக்குத் தடையாணையை உறுதிசெய்தது. அப்படிப் பிடுங்கப்பட்டவர் குறிப்பிட்ட நிவாரணச் சட்டம் 6-வது பிரிவின் கீழ் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டால், உரிமை யாருக்கு என்ற கேள்விக்கே போகாமல் அனுபவத்தைத் திரும்பப் பெறலாம். ஆக, நிலம் உண்மையிலேயே உங்களுடையதாக இருந்தும் முதல் சுற்றில் தோற்றுவிடுவீர்கள்.

அரசு நட்ட எல்லைக்கல்லைப் பெயர்ப்பது தனிக் குற்றம். பழைய தண்டனைச் சட்டத்தில் 434-வது பிரிவில் இருந்தது, 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் தொடர்கிறது. மற்றபடி எல்லை எங்கே என்று காவல் நிலையத்தில் முடிவு செய்ய முடியாது. அடிதடி வரும் நிலை இருந்தால், யார் அனுபவத்தில் இருக்கிறார்கள் என்பதை மட்டும் பார்த்து நிர்வாக நடுவர் தற்காலிக உத்தரவு போடலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 145-வது பிரிவு, இப்போதைய புதிய நடைமுறைச் சட்டத்தில் 164.

வழக்கு என்று போனால்

பலரும் செய்யும் தவறு, வெறும் தடையாணை கேட்டு வழக்குப் போடுவது. கட்டணம் குறைவு, சீக்கிரம் இடைக்கால உத்தரவு கிடைக்கும் என்ற ஆசை. அனந்துல சுதாகர் வழக்கில் 2008-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. உரிமையில் மேகம் படிந்திருந்தால் உரிமை அறிவிப்பும் சேர்த்துக் கேட்க வேண்டும். துண்டு நிலம் அடுத்தவர் கையில் இருந்தால் மீட்பும் கேட்க வேண்டும். தவறான வகையில் போட்ட வழக்கு ஏழெட்டு வருடம் கழித்து அந்த ஒரே காரணத்துக்காகத் தள்ளுபடியாகலாம்.

இரண்டாவது, வழக்கறிஞர் ஆணையர். சர்வேயரோடு அவர் இடத்துக்கு வந்து அளந்து, வரைபடத்தோடு அறிக்கை தருவார். எல்லை எங்கே என்பதுதான் தகராறு என்றால் நீதிமன்றம் இப்படி ஒருவரை நியமிப்பது அவசியம் என்று ஹரியானா வக்ஃப் வாரிய வழக்கில் 2008-ல் தீர்ப்பு இருக்கிறது. வாய்ச் சாட்சி பத்துப் பேரைவிட இந்த ஒரு அறிக்கை கனமானது. இதைத் தொடக்கத்திலேயே கேட்பது நல்லது. சுவர் எழும்பிய பிறகு பழைய வேலியின் குழிகூட மிஞ்சாது.

பேசி முடித்தால் எழுத வேண்டியது

தொண்ணூறு சதுர அடிக்குப் பத்து வருட வழக்கு என்பது கணக்குக்கு ஒத்துவராது என்று இருவருக்கும் ஒரு கட்டத்தில் புரியும். வழக்கு நிலுவையில் இருந்தாலும் லோக் அதாலத்தில் சமரசம் செய்யலாம். அந்த முடிவுக்கு நீதிமன்றத் தீர்ப்பின் பலம் உண்டு, மேல்முறையீடு கிடையாது, கட்டிய நீதிமன்றக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும்.

சமரசத்தை வாய்ப்பேச்சோடு விட்டால் அடுத்த தலைமுறையில் அதே இடத்தில் அதே வானம் தோண்டப்படும். இருவரும் நிற்கும்போது கல் நட்டு, எந்த நிலையான புள்ளியிலிருந்து எத்தனை மீட்டர் என்று வரைபடம் போட்டு இருவரும் கையெழுத்திட வேண்டும். ஒரு துண்டு நிலம் உண்மையிலேயே கைமாறுகிறது என்றால் வெள்ளைத்தாள் போதாது. கிரயமோ பரிவர்த்தனையோ பதிவு செய்து, உட்பிரிவு செய்து, இரண்டு பட்டாவும் புலப்படமும் மாற வேண்டும். சுவர் யார் நிலத்தில், பொதுச் சுவரா, யார் செலவு, மழைநீர் எந்தப் பக்கம் விழும் என்பதையும் அந்தக் காகிதத்திலேயே எழுதிவிடலாம். தாழ்வாரத் தண்ணீர்தான் வழக்கமாக அடுத்த சண்டை.